காற்றுக்கு ஒரு படுக்கை

முத்தந்துறை மடத்து ஆஸ்பத்திரியில் காற்றுக்கு நாடி துடிக்கிறது என்று தெரியவந்த காலையில், அதைப் பார்த்து வாய் பிளந்து நிற்க பிரிஸ்காவுக்கு நேரம் இருக்கவில்லை. பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அது. ஐ.சி.யூ.வின் நான்காம் படுக்கையில் பஞ்சர் கடை மாசிலாமணி அண்ணாச்சி, வயிற்றுக்குள் சீழ் வைத்து அறுவை முடிந்து, ரத்த அழுத்தம் நிற்காமல் கீழே போக, மருந்தின் தயவில் கிடந்தார். அவர் மணிக்கட்டு நாளத்துக்குள் மெல்லிய குழாய் ஒன்று போயிருந்தது. அதிலிருந்து உப்புநீர் நிறைந்த இன்னொரு குழாய், அவர் நெஞ்சு மட்டத்துக்குக் கட்டிவைத்த சின்னப் பெட்டி வரைக்கும் வந்தது. இதயம் தள்ளும் ஒவ்வொரு தள்ளலையும் அந்தப் பெட்டி வாங்கி மானிட்டர் திரையில் சிவப்பு அலையாக ஏற்றி இறக்கியது. ஷிஃப்ட்டுக்கு வரும் நர்ஸ் முதல் வேலையாக, பெட்டியின் திருகை நோயாளியின் பக்கம் அடைத்து வெளிக்காற்றின் பக்கம் திறக்க வேண்டும். திறந்தால் அலை படுத்துவிடும். இதோ இதுதான் ஒன்றுமில்லாதது, இதிலிருந்து எண்ணிக்கொள் என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுப்பது அது. ஜீரோ பண்ணுவது என்பார்கள். பிரிஸ்கா திருகைத் திறந்தாள். அலை தாழ்ந்தது, படுக்கப் போவது போல ஒரு நொடி பாவனை செய்தது, பிறகு சின்னதாக, வேகவேகமாக, குறுகுறுவென்று துடிக்க ஆரம்பித்தது.

"மதர், காத்துக்கு நாடி துடிக்குது," என்றாள்.

ஐ.சி.யூ.வுக்குப் பொறுப்பான கன்னியாஸ்திரி மதர் பெலிசிட்டா மருந்துத் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "ஸ்ட்ரிப் எடுத்தியா?"

"எடுக்கல, மதர்."

"எடு. ஒட்டு. பக்கத்துல எழுது. எழுதாதது நடக்காதது."

மதரிடம் படித்த நர்ஸுகள் எல்லோரும் மங்கள வார்த்தை ஜெபத்துக்கு அடுத்தபடியாக மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் அது. நாலு வேளை மருந்து கொடுத்தேன் என்று சத்தியம் செய்தாலும், தாளில் இல்லையென்றால் மதரைப் பொறுத்தவரை நோயாளி பட்டினி கிடந்தவர்தான். பிரிஸ்கா பொத்தானை அழுத்தினாள். கட்டம் போட்ட தாள் மெஷினின் வாயிலிருந்து நாக்கு போல நீண்டது. அதில் காற்றின் அலை, ஏறி இறங்கி ஏறி இறங்கி, மழைக்கால எறும்பு வரிசையைப் போல அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது.

திருநெல்வேலியிலிருந்து மெஷின்காரர் வந்தார். ஒயரை மாற்றினார், பெட்டியை மாற்றினார், மானிட்டரையே மாற்றினார். மொட்டைமாடியில் திறந்து பார்த்தார், கோயில் பீடத்தடியில் திறந்து பார்த்தார், மீன் இறக்கும் கடற்கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு திறந்து பார்த்தார். எங்கே திறந்தாலும் அதே துடிப்பு. "மெஷின்ல குத்தமில்ல, டாக்டர். உங்க ஊர்க் காத்துக்குத்தான் உயிர் இருக்கு," என்று சொல்லிவிட்டு ஒரு கருப்பட்டிக் காப்பி குடித்துப் போய்விட்டார். டாக்டர் கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அலையை வெகு நேரம் பார்த்தார். முப்பது வருஷம் வைத்தியம் பார்த்தவர், உலகத்தில் நடக்காதது எது என்ற பட்டியலை எப்போதோ தொலைத்துவிட்டவர். "நாடின்னு இருந்தா நோயாளிதானே, மதர்," என்றார். "படுக்கை போடுங்க."

ஆகவே ஐந்தாம் படுக்கை காற்றுக்கு ஒதுக்கப்பட்டது. வெள்ளை விரிப்பு விரித்து, தலையணை வைத்து, யாரோடும் சேராத ஒரு பெட்டியைக் கம்பியில் கட்டி, திருகைக் காற்றின் பக்கம் நிரந்தரமாகத் திறந்துவிட்டு, தலைமாட்டு அட்டையில் மதர் தன் கையால் 'காற்று' என்று எழுதினார். பார்க்க வருகிறவர்கள் உள்ளே முண்டாமல் இருக்க, திரையைக் கண்ணாடி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

ஊர் வந்து பார்த்தது. பார்த்தபிறகு ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் நடையை மாற்றிக்கொண்டது. மினிபஸ் டிரைவர்கள் காற்று ஹாரனைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டார்கள். மாதா கோயிலும் பள்ளிவாசலும் முத்தாரம்மன் கோயிலும் ஒரே சாயங்காலத்தில் பேசி வைத்து ஒலிபெருக்கியின் குரலைத் தாழ்த்தின. குழாயடியில் சண்டை போடுகிறவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு கையாலும் முகத்தாலும் மட்டும் சண்டை போடப் பழகி, அப்படிப் போடும்போது பாதியில் சிரிப்பு வந்து சண்டை கெட்டுப்போவதாகக் குறைப்பட்டார்கள். பலூன்காரர் ஒவ்வொரு பலூனையும் ஊதுவதற்கு முன்னால், "வாரியா, கொஞ்ச நேரம் உள்ள இரு, சாயந்தரம் விட்டுருதேன்," என்று சொல்லிவிட்டு ஊதினார். மாசிலாமணியின் கடையைப் பார்த்துக்கொண்ட தம்பி, கம்ப்ரஸரைப் போடும்போதெல்லாம், "பொறுத்துக்கோ தாயி, ரெண்டு டயர்தான்," என்றான். அது யாருடைய நாடி என்பதில் மட்டும் ஊருக்கு ஒற்றுமை இல்லை. அந்தோணியார் என்றார்கள் சிலர். கடல்தான் கரையேறி மூச்சு வாங்குகிறது என்றார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். போன வருஷப் புயலில் மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி ஒன்றுமே சொல்லாமல் தினமும் வந்து, ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து, முந்தானையால் ஜன்னல் கண்ணாடியில் தூசி துடைத்துவிட்டுப் போனாள்.

ஊர் முழுக்க அப்படிப் பேசிக்கொண்டிருக்க, அது யாருடையது என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்த ஒருத்தி வாயைத் திறக்காமல் ஸ்ட்ரிப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பிரிஸ்காவுக்கு அதை மூளை சொல்லவில்லை, மார்பு சொன்னது. காற்றின் துடிப்பு வேகமெடுத்து மானிட்டர் கூப்பாடு போடும்போதெல்லாம் அவளுக்குப் பால் சுரந்து சீருடை நனைந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புங்கை மரத்தடியில் இருந்த பிள்ளைக் காப்பகத்தில், அதே நேரத்தில், அவள் மகள் அமலி அழுதுகொண்டிருந்தாள். காற்றின் துடிப்பு தணிந்து சீராகும்போது எட்டிப் பார்த்தால், அமலி ஆயா குருசம்மாளின் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அமலி பிறந்த அன்று குழந்தை டாக்டர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து, தேவைக்கு மேல் கொஞ்சம் அதிக நேரம் கேட்டார். அந்த அதிக நேரத்துக்கு என்ன அர்த்தம் என்று நர்ஸுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றில் இருக்கும்போது இதயத்துக்குப் பக்கத்தில் திறந்திருக்கிற சின்ன வாசல் ஒன்று, பிறந்து மூச்செடுத்ததும் தானாக அடைத்துக்கொள்ளும். இவளுக்கு இன்னும் அடைக்கவில்லை போலிருக்கிறது, நிறையப் பேருக்குப் பிறகு அடைத்துக்கொள்ளும், மூன்று மாசத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார். மூன்று மாசம் வந்தது, போனது. கப்பலில் வேலை பார்க்கிற புருஷன் டென்சில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடும்போது, "பாப்பாவுக்கு செக்கப் போனியா?" என்று கேட்பான், "சிக்னல் இழுக்குது," என்று சொல்லிவிட்டு அவள் பேச்சை மாற்றுவாள். ஊரில் எத்தனையோ நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்த கை, குளிப்பாட்டும்போது மகளின் இடது மார்பை மட்டும் தாண்டிப் போயிற்று. எழுதாதது நடக்காதது. மதர் எதற்காகவோ சொல்லிக் கொடுத்த அந்த வாக்கியத்தை அவள் திருப்பிப் போட்டுத் தாயத்தாகக் கட்டிக்கொண்டிருந்தாள்: யாரும் கேட்காதவரை, எந்தத் தாளிலும் ஏறாதவரை, அந்த வாசல் திறந்திருக்கவில்லை.

ஒரு நாள் மாசிலாமணியின் மனைவி செல்லக்கனி, புருஷனின் அலையையும் காற்றின் அலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம் பிள்ள," என்றாள், "எங்க வீட்டுக்காரவுக அலை எறங்கும்போது நடுவுல ஒரு சின்னப் பள்ளம் விழுந்து, அப்பறம் எறங்குது. அந்தா ஒண்ணாம் படுக்கைப் பாட்டையாவுக்கும் விழுது. காத்துக்கு மட்டும் ஏன் விழல?"

பிரிஸ்காவுக்கு அந்தப் பள்ளத்தைத் தெரியும். இதயத்தின் கதவு ஒவ்வொரு துடிப்புக்கும் சாத்திக்கொள்ளும்போது அலையின் இறக்கத்தில் விழுகிற சின்னக் குழி அது. வேறெங்கோ ஒரு வாசல் திறந்து கிடந்து ரத்தம் அந்த வழியாக ஓடினால் குழி தெரியாது. அலை செங்குத்தாக ஏறும், செங்குத்தாக விழும். அலையைப் பற்றி எழுதும்போது பள்ளம் உண்டா இல்லையா என்று எழுத வேண்டும். ஐந்தாம் படுக்கைக்கு மட்டும் அவள் தினமும் 'துடிப்பு சீராக உள்ளது' என்று எழுதி, அந்த இடத்தை விட்டுவிட்டிருந்தாள்.

"காத்துக்கு அதெல்லாம் வேண்டாம், அக்கா," என்றாள்.

செல்லக்கனி தலையாட்டினாள். காப்பகத்தில் பால் தீர்ந்து போனதும் அதே நாள்தான். குருசம்மாள் அழுகிற அமலியைத் தூக்கிக்கொண்டு ஐ.சி.யூ. வாசலுக்கே வந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்வை நேரத்துக் கூட்டம், மீன்காரிகளும் தலைமையாசிரியரும் பலூன்காரரும், நின்றுகொண்டிருந்தது. அமலி வீறிட்டாள், திரையில் அலை எம்பியது. அமலி மூச்சுக்கு நிறுத்தினாள். அலை தடுமாறிக் காத்திருந்தது. மறுபடி வீறிட்டாள், மறுபடி எம்பியது. பிரிஸ்கா ஓடிவந்து குழந்தையை வாங்கி மறைவுக்குப் போய் மார்பில் போட்டதும், அலை மெல்ல மெல்ல இறங்கி, ஊஞ்சல் நிற்பது போலச் சீரானது.

கூட்டம் எல்லாவற்றையும் பார்த்தது. தலைமையாசிரியர் திடீரென்று சுவரில் இருந்த பழைய நாட்காட்டியை ஆராய்ந்தார். பலூன்காரர் செருப்பு வாரைச் சரி செய்தார். மீன்காரிகள் விலையே இல்லாத ஒரு மீனின் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து முத்தந்துறையில் யாரும் காற்று யாருடையது என்று விவாதிக்கவில்லை. காப்பகத்து வாசலில் மட்டும் தினமும் ஒரு செம்பு பாலும், பேரீச்சம்பழமும், ஒரு முறை உயிரோடு ஒரு கோழியும் இருந்தன. கோழியைக் கண்டு குருசம்மாள், "இது யாரு கொண்டாந்து கட்டுனது, நாலு மாசப் பிள்ளைக்குக் கோழியா குடுப்பாவ?" என்று கேட்டாள். கடைசியில் குருசம்மாளே சாப்பிட்டாள்.

மாசிலாமணிக்குத்தான் நிலைமை நாளுக்கு நாள் கெட்டது. காற்றே துடித்துக்கொண்டிருக்கும்போது அவர் அழுத்தத்தை எதிலிருந்து எண்ணுவது? ஓடும் படகில் நின்று ஆள் உயரம் அளப்பது போல, எண் ஏறியது, இறங்கியது, எதுவும் நிஜமில்லை. கை வீங்கிப் போயிருந்ததால் கையில் கட்டி அளக்கிற பட்டையும் பேசவில்லை. அழுத்தத்தைத் தூக்குகிற மருந்து குறைந்தால் இதயம் நின்றுவிடும், கூடினால் விரல் நுனிக்கு ரத்தம் போகாது. ஒரு காலையில் அவருடைய வலது கை விரல்கள் மூன்று நாவற்பழம் தின்ற நாக்கு போல நீலம் பூத்திருந்தன.

"எனக்கு ஒரு சுத்தமான ஜீரோ வேணும்," என்றார் டாக்டர் கோமதிநாயகம். "ஒரு நிமிஷம் போதும். அந்த அலை ஒரு நிமிஷம் படுத்துச்சுன்னா இவரைக் காப்பாத்திருவேன்."

சொல்லி முடித்ததும்தான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் உறைத்தது. மகனைக் கடலுக்குக் கொடுத்தவள் கண்ணாடியில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பிரிஸ்கா திருகுக்கும் திரைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள், யாரோ அதைத் தொட வருவது போல. அலை படுத்தால் புங்கை மரத்தடியில் என்ன படுக்கும்? இத்தனை நாள் காலையில் ஒவ்வொரு முறை திருகைத் திறந்தபோதும் அவள் பயந்தது துடிப்பைப் பார்த்து அல்ல. ஒரு நாள் இது நின்றிருக்குமோ என்றுதான்.

செல்லக்கனி உள்ளே வந்தாள். புருஷனின் நீலக் கையை எடுத்து மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, யார் முகத்தையும் பாராமல் சொன்னாள்:

"அதைப் படுக்க வைக்கவேண்டாம், டாக்டர். பச்சக் காத்து அது. அதுக்கு ஒண்ணும் ஆகப்பிடாது. இவுகளுக்கு மூணு விரல் போனா போவட்டும். பஞ்சர் ஒட்ட ஏழு விரல் காணும்."

மாசிலாமணி கண்ணைத் திறக்காமலே, வறண்ட குரலில், "ஆறுலயும் ஒட்டுவேன்ளா," என்றார்.

பிரிஸ்கா அங்கேயே நின்று அழுதாள். தன் மகளுக்காக இன்னொருத்தி தன் புருஷனின் விரலைக் கொடுக்கிறாள். பெயர் சொல்லாமல், பச்சக் காத்து என்று சொல்லிக் கொடுக்கிறாள். இதை எந்த ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் எழுதுவது? அழுது முடித்து முகத்தைச் சீருடைத் தோளில் துடைத்துக்கொண்டு, "மதர், நான் பிள்ளைய எடுத்துட்டு வாரேன்," என்றாள்.

மதர் பெலிசிட்டா அவளுடைய நனைந்த சீருடையை ஒரு தடவை பார்த்தார். "அஞ்சாம் படுக்கையில கிடத்து," என்று மட்டும் சொல்லிவிட்டு, தலைமாட்டு அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அமலிக்கு அந்த வெள்ளை விரிப்பு பிடித்திருந்தது. காலை உதைத்து அதைச் சுருட்டினாள். பிரிஸ்கா ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினாள், இன்னும் சூடாக்கினாள், யாராவது அவசர வேலை சொல்லி அழைக்க மாட்டார்களா என்று காத்தாள், யாரும் அழைக்கவில்லை. வைத்தாள். லப்-டப்புக்கு நடுவில், லப்-டப்புக்கு மேலே, நிற்காமல், டயரில் முள் குத்திய இடத்தில் கேட்பது போல, உஸ்ஸென்று ஒரு இரைச்சல் போய்க்கொண்டிருந்தது. அவள் நாலு மாசம் கேட்காமல் இருந்த சத்தம். கேட்கும்போது அது அவள் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது.

அவள் மெஷினிலிருந்து ஸ்ட்ரிப்பைக் கிழித்து ஒட்டினாள். கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டது. ஒரு ஸ்ட்ரிப் கோணினால் மறுபடி எடுக்கச் சொல்கிற மதர், அன்று பேனாவை எடுத்து நீட்டினார். பக்கத்தில் எழுதினாள். பெயர்: அமலி. தாய்: பிரிஸ்கா. துடிப்பு: சீராக உள்ளது. இரைச்சல்: உண்டு. பள்ளம்: இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

தாளிலிருந்து பேனாவை எடுத்ததும் திரையில் அலை தாழ்ந்தது, ஒரு நொடி தயங்கியது, படுத்துவிட்டது. ஒரு வரப்பு போல, விடிகாலைக் கடல் போல, நேர்க்கோடு. ஜன்னலுக்கு வெளியே அத்தனை பேரும் மூச்சை நிறுத்தினார்கள். பிரிஸ்கா திரையைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் தாண்டிப் போன அந்த இடத்தில், மகளின் இடது மார்பில், உள்ளங்கையை முழுசாக வைத்திருந்தாள். கைக்கு அடியில் அது குறுகுறுவென்று, ஒரு சின்னப் பிராணி மண்ணைத் தோண்டுவது போல, முட்டிக்கொண்டே இருந்தது. அமலி விக்கினாள், ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாயைப் பிடித்து வாயில் வைத்தாள்.

"ஜீரோ பண்ணிக்கங்க, டாக்டர்," என்றாள் பிரிஸ்கா.

அதற்குப்பின் அண்ணாச்சியின் நிஜமான அழுத்தம் தெரிந்தது. நினைத்ததைவிட மேலே இருந்தது. மருந்தைக் குறைக்கக் குறைக்க விரல்களில் நீலம் வடிந்தது. சுண்டுவிரல் நுனியில் மட்டும் கொஞ்சம் கருப்பு தங்கி, பிறகு பொருக்காக உதிர்ந்தது. அமலியை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தொடை நாளம் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, திறந்து கிடக்கும் வாசலில் பொத்தான் மாதிரி ஓர் அடைப்பை வைத்துவிடுவார்கள் என்று டாக்டர் விளக்கியபோது, தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மாசிலாமணி, "பயப்படாத பிள்ள, உள்ளுக்குள்ள போய்ப் பஞ்சர் ஒட்டுதாவ. நம்ம தொழில்தான்," என்றார். டென்சில் நடுக்கடலில் கப்பலை விட்டு இறங்க முடியாமல் தொலைபேசியில் அழுதான். சிக்னல் அன்று இழுக்கவே இல்லை.

மதுரையில் எல்லாம் முடிந்து பஸ்ஸில் திரும்பி வந்தபோது, நிறுத்தத்தில் ஊர் நின்றுகொண்டிருந்தது. தற்செயலாக நிற்பது போல நின்றுகொண்டிருந்தது: மீன்காரிகள் கூடையோடு, பலூன்காரர் பலூன்களோடு, தலைமையாசிரியர் குடையோடு. யாருக்கும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் செல்லக்கனிதான் படியருகே வந்து, அமலியின் காலை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"பள்ளம் விழுதா, பிள்ள?"

பிரிஸ்கா பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். மதுரையில் ஐ.சி.யூ.வில் இருந்த நர்ஸ், பெயர்கூடத் தெரியாத ஒரு பிள்ளை, அமலியின் கையில் இருந்த குழாயைக் கழற்றுமுன் கடைசியாக எடுத்த ஸ்ட்ரிப். ஞாபகத்துக்கு ஒரு துண்டு தாங்க என்று கேட்டு வாங்கி வந்தது. செல்லக்கனி அதை வெயிலுக்கு எதிரே உயர்த்திப் பிடித்தாள். தலைகள் கூடின. அலை ஏறியது, இறங்கியது, இறங்குகிற வழியில் குழந்தையின் கன்னக்குழி அளவுக்கு ஒரு சின்னக் குழியில் இறங்கி எழுந்து, பிறகு போயிற்று, அடுத்ததும் அப்படியே, அதற்கு அடுத்ததும் அப்படியே. பக்கத்தில் அந்தப் பெயர் தெரியாத பிள்ளையின் குண்டு குண்டான கையெழுத்து இருந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வகுப்பில் வாசிப்பது போல வாசித்தார்:

"பள்ளம்: உண்டு."

எழுதியிருந்தது. ஆகவே நடந்திருந்தது. பலூன்காரர் சரத்தின் முடிச்சை அவிழ்த்து, "போ, வீட்டுக்குப் போ," என்று சொல்லி, அத்தனையையும் காற்றில் விட்டார்.